‘டியர்ஸ் ஆஃப் தி பிளாக் டைகர்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2000-ஆம் ஆண்டு தாய்லாந்தில் வெளியான இந்தப் படத்தை முதல்முறை பார்ப்பவர்களும், பாதியில் நிறுத்தியவர்களும், பார்த்து முடித்தபின் “இது நிஜமா, கிண்டலா?” என்று குழம்பியவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. முடிவைச் சொல்லிவிடும் கேள்வி ஒன்றே ஒன்று. அது கடைசிக்கு முன்னால் இருக்கிறது, எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறது.

இது என்ன வகைப் படம்?

குதிரை, துப்பாக்கி, அகலத் தொப்பி என்று பாதி கௌபாய் படம். பணக்கார வீட்டுப் பெண், ஏழை வீட்டுப் பையன், காத்திருப்பு, கண்ணீர் என்று மீதிப் பாதி காதல் சோகம். இரண்டையும் மிட்டாய்க்கடை நிறங்களில் முக்கி எடுத்திருக்கிறார் இயக்குநர் விசித் சாசனதியங். அவர் இயக்கிய முதல் படம் இது. அதற்கு முன் விளம்பரப் படத் துறையில் இருந்தவர். நொன்சீ நிமிபுத் இயக்கிய ‘டாங் பைலேஸ் அண்ட் யங் கேங்ஸ்டர்ஸ்’ (1997), ‘நாங் நாக்’ (1999) இரண்டுக்கும் திரைக்கதை எழுதியவர். அதே நொன்சீதான் இந்தப் படத்தின் தயாரிப்பாளர்.

தாய்லாந்துப் பெயரில் தேடினால் மாத்திரை விளம்பரமாக வருகிறதே?

வரும். படத்தின் அசல் பெயர் ‘ஃபா தலாய் ஜோன்’. ‘வானம் திருடனை வீழ்த்தும்’ என்பது போலப் பொருள். ஆனால் தாய்லாந்தில் அதுவே ஒரு மூலிகையின் பெயரும்கூட. நம் ஊரில் காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கும் நிலவேம்புதான் அது. கொரோனா காலத்தில் அங்கே அந்த மாத்திரைக்குப் பெரிய கிராக்கி என்பதால் தேடல் முடிவுகள் அதிலேயே நிரம்பிவிட்டன. பெயரோடு இயக்குநர் பெயரையோ 2000 என்ற ஆண்டையோ சேர்த்துத் தேடுங்கள்.

எந்தப் பதிப்பைப் பார்க்க வேண்டும்? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு நேர அளவு போட்டிருக்கிறார்கள்.

தாய்லாந்தில் வெளியான அசல் 110 நிமிடம். வெளிநாட்டு வெளியீட்டுக்காக ஓட்டத்தை இறுக்கிச் சுருக்கிய இன்னொரு வடிவம் சுமார் 101 நிமிடம். குழப்பம் இதோடு முடிவதில்லை. ஐரோப்பிய டிவிடிகள் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில் ஓடுபவை. 24 ஃபிரேமில் எடுத்த படம் அதில் நான்கு சதவீதம் வேகமாக ஓடும். ஆகவே 110 நிமிடப் படம் டிவிடியில் ஏறத்தாழ 106 ஆகவும், 101 நிமிடப் படம் 97 ஆகவும் காட்டும். 106 என்று பார்த்ததும் ஏதோ வெட்டிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். 97, 101 என்று இருந்தால்தான் அது சுருக்கிய வடிவம்.

முதல்முறை பார்ப்பவர்கள் 110 நிமிட வடிவத்தையே தேடிப் பாருங்கள். சுருக்கியதில் கதை அறுந்துவிடாது. ஆனால் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் படம் மூச்சுவிடும் இடங்கள்தான் அதில் போயிருக்கின்றன. காத்திருப்பையே கதையாகக் கொண்ட படத்துக்கு அது சின்ன இழப்பு அல்ல.

சப்டைட்டில் பொருந்தவில்லை. என்ன செய்வது?

முதலில் எப்படித் தவறுகிறது என்று பாருங்கள். ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கடைசியில் நான்கு நிமிடத்துக்கும் மேல் பிசகினால், அது ஃபிரேம் வேகச் சிக்கல். சப்டைட்டில் திருத்தும் எந்த மென்பொருளிலும் 23.976-லிருந்து (24 ஃபிரேமின் வீடியோ வடிவம்) 25-க்கோ, 25-லிருந்து 23.976-க்கோ மாற்றினால் சரியாகிவிடும். சரியாக ஓடிக்கொண்டிருந்தது ஒரு காட்சி மாறியதும் திடீரென்று பத்து, இருபது நொடி தாவினால், சப்டைட்டில் ஒரு வடிவத்துக்கும் உங்கள் பிரதி இன்னொரு வடிவத்துக்கும் சொந்தம். அதைச் சரிசெய்ய முயன்று நேரத்தைக் கொல்வதைவிட வேறு கோப்பு தேடுவதே மேல்.

முடிவைச் சொல்லாமல் கதை?

இரண்டாம் உலகப் போர்க் காலம். நகரத்திலிருந்து கிராமத்துக்கு வந்து தங்கும் பெரிய மனிதர் வீட்டுச் சிறுமி ரம்போய். ஊர்த் தலைவரின் மகன் டம். தாமரைக் குளத்து நடுவில் ஒரு சாவடி; தாய்லாந்து மொழியில் ‘சாலா’ என்பார்கள். படகில் அங்கே போய்த் திரும்பும் வழியில் நடக்கும் ஒரு தகராறு, இருவரையும் வாழ்நாள் முழுக்கக் கட்டிப்போடுகிறது. பத்தாண்டு கழித்து பாங்காக்கில் பல்கலைக்கழக மாணவர்களாகச் சந்திக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து அதே சாவடியில் சந்திப்போம் என்று வாக்கு. ஊர் திரும்பும் டம் தன் தகப்பன் கொலையுண்டதைக் காண்கிறான். பழிவாங்க உதவும் கொள்ளைத் தலைவன் ஃபாயின் கூட்டத்தில் சேர்ந்து ‘கரும்புலி’ ஆகிறான். ரம்போயை அவள் தகப்பன் போலீஸ் கேப்டன் கம்ஜோனுக்கு நிச்சயம் செய்கிறார். அந்த கேப்டனின் வேலையே ஃபாய் கூட்டத்தை ஒழிப்பது.

படம் இதை வரிசையாகச் சொல்வதில்லை. மழையில் சாவடியில் அவள் காத்திருப்பதில் தொடங்கி, துப்பாக்கிச் சண்டைக்கும் சிறுவயது நினைவுக்கும் மாறி மாறித் தாவுகிறது. முதல் இருபது நிமிடத்தில் குழம்புவது இயல்பு. டம்மிடம் இருக்கும் மவுத் ஆர்கனைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது எப்படி அவன் கைக்கு வந்தது என்று தெரியும்போது காலவரிசை தானாக அடுக்கிக்கொள்ளும்.

இது பழைய படங்களைக் கிண்டல் செய்யும் படமா?

இல்லை. இந்தப் படத்தைப் பற்றிய பெரிய தவறான புரிதல் இதுதான். சிரிப்பு வரும் இடங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் டம் சுடும் குண்டு பொருளுக்குப் பொருள் பட்டுத் தெறித்து ஒளிந்திருப்பவன் தலையில் பாய்கிறது. உடனே திரையில், கவனிக்காமல் விட்டிருந்தால் திரும்பக் காட்டுகிறோம் என்று எழுத்து வருகிறது. மெதுவாக்கி மறுபடி காட்டுகிறார்கள். ஃபாய் கூட்டத்திலேயே இருக்கும் வில்லன் மஹேசுவனின் மீசை வரைந்த மீசை என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. அவன் சிரிக்கும் சிரிப்பு மேடை நாடகச் சிரிப்பு.

ஆனால் ஒரு நடிகர்கூட ‘நான் பொய்யாக நடிக்கிறேன், உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்’ என்று பார்வையாளரைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லை. பகடிப் படத்தில் அதுதான் முதல் வேலை. இங்கே ரம்போய் அழுதால் அது நிஜ அழுகை. டம், மஹேசுவன் இருவரும் பாழடைந்த கோயிலில் புத்தர் சிலை முன் ரத்தம் கலந்து குடித்துச் சத்தியம் செய்தால் அது நிஜச் சத்தியம். பின்னால் அதற்கு விலையும் உண்டு. சூழல் முழுக்கச் செயற்கை, உணர்ச்சி மட்டும் முழு அசல் என்பதே இந்தப் படத்தின் விதி. கிண்டலாக எடுத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினால் நாற்பதாவது நிமிடத்தில் சலித்துவிடும். நேராக எடுத்துக்கொண்டால் சிரிப்பும் தொண்டை அடைப்பும் ஒரே காட்சியில் வரும்.

அப்படியானால் இந்தச் செயற்கை எங்கிருந்து வந்தது? ஹாலிவுட்டிலிருந்தா?

மெதுவாகும் ரத்தத் தெறிப்பு, முகத்தை நிறைக்கும் குளோசப், எதிரெதிர் நின்று சுடுவது எல்லாம் வெஸ்டர்ன் படச் சரக்குதான். ஆனால் படத்தின் உடம்பு தாய் சினிமா. அதன் வரலாறு கொஞ்சம் தெரிந்தால் படம் இரண்டு மடங்கு திறக்கும்.

போருக்குப் பிறகு தாய்லாந்தில் 35 மி.மீ. ஃபிலிம் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். 1949-இல் ‘சுபாப்புருட் சுவா தாய்’ என்ற கொள்ளையர் படம் 16 மி.மீ. வண்ண ஃபிலிமில் எடுக்கப்பட்டுப் பெரிய வெற்றி கண்டது. அதற்குப் பிறகு சுமார் இருபதாண்டு அந்த ஊர் சினிமா 16 மி.மீ.யில்தான் ஓடியது. அந்த ஃபிலிமில் ஒலி கிடையாது. ஒவ்வொரு தியேட்டரிலும் குரல் கலைஞர்கள் மைக் முன் உட்கார்ந்து, ஓடும் படத்துக்கு நேரடியாக வசனம் பேசினார்கள். குரல் வேறு ஒருவருடையது என்பதால் நடிகரின் உடம்பும் முகமும்தான் எல்லாவற்றையும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. டம்மும் மஹேசுவனும் நிற்கும் நிலையில், திரும்பும் திருப்பத்தில் இருக்கும் அந்த மிகை அங்கிருந்து வருவது.

அந்த 16 மி.மீ. ஃபிலிம் ரிவர்சல் வகை. அதாவது நெகட்டிவ் இல்லை. கேமராவில் ஓடிய சுருளே திரையிடும் சுருள். ஊர் ஊராக ஓடி ஓடிக் கீறி, நிறம் போய், பெரும்பாலானவை அழிந்தே போயின. புகழ்பெற்ற நாயகன்-நாயகி ஜோடியான மித் சாய்பஞ்சா, பெத்சரா சவராத் இருவரும் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த காலம் அது. 1970 அக்டோபரில் படப்பிடிப்பில் ஹெலிகாப்டர் ஏணியிலிருந்து விழுந்து மித் இறந்ததோடு அந்தக் காலமும் ஏறத்தாழ முடிந்தது. ஆக, விசித்துக்கு முன்னால் இருந்தது நல்ல பிரதிகள் அல்ல. நினைவுகளும் கையால் வண்ணம் தீட்டிய போஸ்டர்களும்தான். அந்தப் படங்கள் உண்மையில் எப்படி இருந்தன என்பதைவிட, நினைவில் எப்படி ஜொலித்தன என்பதைத்தான் அவர் எடுத்திருக்கிறார்.

இன்னொரு வேர் ரத்தன பெஸ்தோன்ஜி (1908–1970). பார்சி வம்சாவளித் தாய்லாந்து இயக்குநர். எல்லோரும் 16 மி.மீ.யில் அவசரமாக எடுத்துத் தள்ளியபோது, 35 மி.மீ., நேரடி ஒலி, திட்டமிட்ட நிறம் என்று பிடிவாதமாக நின்றவர். அவருடைய ‘பிளாக் சில்க்’ 1961 பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. சுவர், துணி, வெளிச்சம் மூன்றும் ஒன்றுக்கொன்று பேசும் விதத்தை விசித் அவரிடமிருந்து எடுத்திருக்கிறார்.

டம், ஃபாய், மஹேசுவன் என்பவை கற்பனைப் பெயர்களா?

1940-களில் சுபன்புரி முதலிய மத்திய சமவெளி ஊர்களைக் கலக்கிய கொள்ளையர்களின் பெயர்கள் அவை. கொள்ளைக்காரன் பெயருக்கு முன் ‘சுவா’, அதாவது புலி என்று சேர்ப்பது அங்கே வழக்கம். போ. இந்தரபாலித் எழுதிய மலிவு விலை நாவல்கள் இந்தப் பெயர்களை நாயகர்களாக்கின. படம் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வாழ்க்கை வரலாறு அல்ல.

மரத்தடி துப்பாக்கிச் சண்டையில் சூரியன் வரைந்த படம் மாதிரி இருக்கிறதே? காசு இல்லாமல் செட் போட்டார்களா?

வரைந்ததுதான், தெரியட்டும் என்றே வைத்தது. டம்மும் மஹேசுவனும் முதலில் மோதும் இடத்தில் பின்னணி ஒரு தீட்டிய திரை. ‘லிகே’ என்ற தாய்லாந்துக் கூத்து மேடையில் தொங்கும் திரைகளின் வழி அது. காட்சியின் வேலையையும் கவனியுங்கள். இருவரும் சுடுகிறார்கள், டம் குறி தவறிவிட்டான் என்று நாம் நினைக்கும்போது மஹேசுவனின் தொப்பிமேல் செத்த பாம்பு ஒன்று மரத்திலிருந்து விழுகிறது. டம் சுட்டது பாம்பை. நிஜமான காட்டில் இதை எடுத்திருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். தீட்டிய சூரியனுக்குக் கீழே நம்பிவிடுகிறோம்.

அந்த நிறம் எப்படிக் கொண்டுவந்தார்கள்?

கம்ப்யூட்டரில் மட்டும் செய்தது அல்ல. முதல் பாதி வேலை கேமரா ஓடும் முன்பே முடிந்துவிட்டது. கலை இயக்குநர் எக் இயம்சுவென் சுவர்களையும் துணிகளையும் இளஞ்சிவப்பு, நீலப்பச்சை, மஞ்சள் என்று அந்தந்தக் காட்சிக்கு அடைத்துப் பூசினார். 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்ததை டிஜிட்டல் பீட்டாகாம் என்ற வீடியோ டேப்புக்கு மாற்றி, அங்கே நிறங்களை இன்னும் அடர்த்தியாக்கி, திரும்ப 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஏற்றினார்கள். ஃபிலிம் முழுவதையும் உயர் தெளிவில் ஸ்கேன் செய்து நிறம் திருத்துவது அன்று பரவலாகாத காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

என் பிரதி மங்கலாக, நிறம் வழிந்த மாதிரி இருக்கிறது. டிவி கோளாறா?

கொஞ்சம் படத்தின் பிறவிக் குணம், கொஞ்சம் உங்கள் டிவி. டிஜிட்டல் பீட்டாகாம் என்பது சாதாரணத் தெளிவு டேப்; பால் முறையில் 576 வரிகள்தான். படம் அந்த வாசல் வழியாகப் போய் வந்ததால், அந்தப் பிரதியிலிருந்து எடுத்த எதிலும் இலை நரம்பு தெரியும் கூர்மையை எதிர்பார்க்க முடியாது. ஷார்ப்னெஸைக் கூட்டினால் விளிம்புகளில் வெள்ளைக்கோடுதான் வரும்.

டிவியில் செய்ய வேண்டியது: படப் பயன்முறையை ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’கில் வைக்காதீர்கள். ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் இளஞ்சிவப்பை அது இன்னும் தள்ளி, துணி மடிப்புகள் எல்லாம் ஒரே பூச்சாகிவிடும். ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ பயன்முறை, ஷார்ப்னெஸ் குறைவு, மோஷன் ஸ்மூத்திங் அணைப்பு, நாய்ஸ் ரிடக்ஷன் அணைப்பு. கடைசியானது முக்கியம், மழைக் காட்சிகளில் மழைக்கம்பியையே இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும். செல்போனில் பார்ப்பதானால் ‘நேச்சுரல்’ திரை அமைப்பு போதும். வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் அது ஸ்ட்ரீமிங் சுருக்கத்தின் குறை. தரத்தைக் கையால் உச்சத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

குறும்படத்தில் இந்த நிறச் சாயலைக் கொண்டுவர முடியுமா?

முடியும், எடிட்டிங் மேசையில் மட்டும் முடியாது. சாச்சுரேஷனைக் கூட்டிவிட்டால் போதும் என்று செய்பவர்களுக்கு முகம் ஆரஞ்சாகி, புல் எரிந்ததுதான் மிஞ்சும்.

ஒரு காட்சிக்கு இரண்டு நிறம் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது நிறம் ஒரே ஒரு பொருளுக்கு. சுவருக்கு மேட் பெயின்ட். பளபளப்பு பெயின்ட் விளக்கின் வெள்ளையைத் திருப்பி அனுப்பி நிறத்தை வெளுக்கச் செய்யும். நடிகரைச் சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நிறுத்துங்கள், இல்லையென்றால் சுவரின் நிறம் கன்னத்தில் ஏறும்; பிறகு அதைப் பிரிக்க முடியாது. எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறைத்தே வையுங்கள். அதிகமான வெளிச்சம் முதலில் தின்பது நிறத்தைத்தான். சிவப்புத் துணி இருந்தால் மொத்த ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) நம்பாமல் சிவப்பு சேனலைத் தனியாகப் பாருங்கள்; மொத்தம் சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் முட்டியிருக்கும். கேமராவில் நிறத்தை அதிகத் தகவலோடு பதிவுசெய்யும் 10 பிட், 4:2:2, லாக் வசதி இருந்தால் அதில் எடுங்கள். 8 பிட்டில் வானமும் சுவரும் பட்டை கட்டும்.

கலர் கரெக்ஷனில் முதலில் முகத்தைத் தனியாக மாஸ்க் செய்து ஒதுக்கிவிடுங்கள். பிறகு பச்சையை நீலப்பச்சைக்கும், சிவப்பை இளஞ்சிவப்புக்கும் திருப்புங்கள். அடர்த்தி கூட்டுவது அதற்குப் பிறகுதான். கறுப்பைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் பழைய பிரிண்ட் சாயல் வரும். இதில் எதுவும் நடிப்பைக் காப்பாற்றாது. நடிகர் நாணிச் சிரித்துவிட்டால் மொத்த நிறமும் கோமாளி வேஷமாகத் தெரியும்.

யார் யார் நடித்திருக்கிறார்கள்?

டம்மாக சாட்சாய் ஙாம்சன், ரம்போயாக ஸ்டெல்லா மலூக்கி. இவர் இத்தாலிய, கொலம்பிய வம்சாவளி; அந்தக் காலத் தாய்லாந்து நாயகி போல ஒப்பனையால் மாற்றியிருக்கிறார்கள். மஹேசுவன் வேடத்தில் சுபகோன் கிட்சுவன். அடுத்த ஆண்டே ‘மோன்ராக் டிரான்சிஸ்டர்’ படத்தில் அப்பாவிப் பாடகனாக வந்து ஆளே மாறியிருப்பார். கேப்டன் கம்ஜோன், அரவத் ருவாங்வுத்.

கவனிக்க வேண்டியவர் ஃபாயாக வரும் சொம்பத் மெதானி. அறுநூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த பழைய நாயகர்; 2022-இல் மறைந்தார். அவர் வந்து நின்றாலே தாய் ரசிகர்களுக்கு ஒரு முழுக் காலகட்டம் திரைக்கு வந்துவிடும். அது தெரியாமல் பார்த்தாலும் அவர் நிற்கும் தோரணை சொல்லிவிடும்.

1950-களில் குதிரைமேல் கௌபாய், கையில் ராக்கெட் லாஞ்சர்... லாஜிக்?

தேடாதீர்கள். “மலையை வெடி, குடிசையை எரி” என்று தாய்லாந்துக்காரர்களே செல்லமாகவும் நக்கலாகவும் பெயர் வைத்த ஆக்‌ஷன் பட மரபு அது.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். தலையில் குண்டு பாய்வது மிக அருகில், மெதுவாகக் காட்டப்படுகிறது. தற்கொலை முயற்சிக் காட்சியும் உண்டு. பதினைந்து வயதுக்கு மேல் என்றால் சரி.

தாய்லாந்தில் ஓடியதா?

ஓடவில்லை. 2000 செப்டம்பர் 28 அன்று வெளியாகி வசூலில் தோற்றது. வெளியே கதை வேறு. வான்கூவர் விழாவில் புதிய இயக்குநருக்கான ‘டிராகன்ஸ் அண்ட் டைகர்ஸ்’ விருது. 2001-இல் கான் விழாவின் ‘அன் செர்டன் ரிகார்ட்’ பிரிவு. கான் அதிகாரபூர்வத் தேர்வில் இடம்பெற்ற முதல் தாய் படம் இதுவே. அமெரிக்க உரிமையை வாங்கிய மிராமாக்ஸ் நிறுவனம் முடிவை மாற்றி வெட்டியது. பிறகு வெளியிடாமலே வருடக்கணக்கில் வைத்திருந்தது. 2006-இல் உரிமை மக்னோலியா என்ற விநியோக நிறுவனத்துக்குப் போய், 2007 ஜனவரியில்தான் அசல் வடிவம் அங்கே திரைக்கு வந்தது. அந்த ஆறேழு வருட இடைவெளியில்தான் அரைகுறைப் பிரதிகள் இத்தனை பரவின.

முடிவு ஏன் அப்படி? (படம் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்.)

மஹேசுவனை வீழ்த்திய பிறகு டம் தப்பித்திருக்கலாம். கேப்டன் எதிரே நிற்கும்போது சட்டைக்குள் கைவிட்டு எடுக்கப் போவது துப்பாக்கி அல்ல, ரம்போயின் புகைப்படம். முன்பு கேப்டன் ஃபாய் கூட்டத்திடம் கைதியாக இருந்தபோது, அவன் கையில் இருந்த அவள் படத்தைப் பார்த்துத்தான் டம் அவனை உயிரோடு விட்டான். உயிர் கொடுத்த அதே படம் இப்போது உயிர் எடுக்கிறது. கேப்டனைக் கெட்டவனாக்கவில்லை என்பதையும் பாருங்கள். அவன் இடத்தில் எந்தப் போலீஸும் சுட்டிருப்பான். கொள்ளைக்காரனாக வாழ்ந்தவனுக்குப் பழைய தாய் படங்களில் மீட்சி கிடையாது. இந்த முடிவை மென்மையாக்கினால் சாவடியில் அவள் காத்திருந்த காத்திருப்புக்கே அர்த்தம் இல்லாமல் போகும். அமெரிக்க வெட்டு சறுக்கியது அங்கேதான்.

அடுத்து எதைப் பார்க்கலாம்?

நிறம் பிடித்திருந்தால் விசித்தின் ‘சிட்டிசன் டாக்’ (2004). பாங்காக்கில் வேலை தேடி வரும் பையனின் கதை, துப்பாக்கி இல்லை, இதைவிட இளகிய படம். ‘தி அன்சீயபிள்’ (2006) பேய்ப்படம், நிறம் அடங்கியது. ‘ரெட் ஈகிள்’ (2010), மித் சாய்பஞ்சா நடித்த முகமூடி நாயகனை மறுபடி எழுப்பும் முயற்சி. ஆக்‌ஷன் உண்டு, மாயம் குறைவு. வேரைத் தேட விரும்பினால் ரத்தன பெஸ்தோன்ஜியின் ‘கன்ட்ரி ஹோட்டல்’ (1957) முதலில், ‘பிளாக் சில்க்’ அடுத்து. முதலாவது கறுப்பு-வெள்ளை, ஏறக்குறைய முழுக்க ஒரே விடுதிக்குள் நடப்பது. இரண்டாவதை இரவில், அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.